டேவிஸ் கிண்ணத்தில் இந்தியா இறுதிக்குப் போனது இரண்டு தடவையா, மூன்று தடவையா?

வட்டக்கச்சி வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட சனசமூக நிலையத்தில உயர்தரப் பிள்ளையளுக்கு விளையாட்டு அறிவுப் போட்டி ஒண்டு வைக்கிறம். துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் அவங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அதால டெனிஸுக்குப் போய், நாடுகள் அணியா மோதுற டேவிஸ் கிண்ணத்தில இந்திய ஆண்கள் அணியின்ர வரலாற்றை எடுத்திருக்கிறம். கேள்வித்தாள் போடேக்க சில இடம் இடிக்குது.

ஒரு புத்தகத்தில இந்தியா மூன்று தடவை இறுதிக்குப் போனதெண்டு இருக்கு. இன்னொண்டில இரண்டு தடவை இறுதியாட்டம் விளையாடினதெண்டு இருக்கு. எதைச் சரியெண்டு போடுறது?

பழைய ஆட்டங்களில 17-15, 16-18 எண்டெல்லாம் செட் கணக்குக் கிடக்கு. அது அச்சுப்பிழையா? ஒரு சந்திப்புக்கு ஐந்து ஆட்டம் எண்டால் 4-0, 3-1 எண்டு எப்பிடி முடியுது?

1987இல அவுஸ்திரேலியாவை அவங்கட ஊரிலயே வெண்ட அணி, இறுதியில சுவீடனிட்ட 0-5 எண்டு தோத்ததுக்கு என்ன காரணம் எழுதலாம்?

கடைசியா ஒண்டு. அறிவுப் போட்டி முடிய ரெண்டு பாடசாலைக்கிடையில டேவிஸ் கிண்ண முறையில ஒரு சந்திப்பு வைக்கவும் யோசனை. இருக்கிறது கிரவல் நிலம்தான். ஆகக்குறைஞ்சது என்ன வேணும்?


முறிகண்டியான்:

தம்பி, ரெண்டு புத்தகமும் சரிதான். கேள்வியைத்தான் இறுக்கமாக் கேட்கவேணும். இறுதிக்குத் தகுதி பெற்றது மூன்று தடவை: 1966, 1974, 1987. இறங்கி விளையாடினது இரண்டு தடவை: 1966, 1987. "எத்தனை தடவை தகுதி பெற்றது" எண்டு கேளுங்கோ, பிறகு ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டினம்.

இந்தியா முதல்முறை பங்குபற்றியது 1921இல். வந்த வருடமே பாரிஸில் பிரான்ஸை வீழ்த்தி அரையிறுதிக்குப் போய், சிக்காகோவில் ஜப்பானிடம் தோற்றது. அதற்குப் பிறகு இறுதி வரைக்கும் போக 45 வருடம் எடுத்திருக்கு.

1966ஐப் பற்றிக் கேள்வி போடமுதல் அந்தக் கால முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேணும். கிண்ணம் வைத்திருக்கும் நாடு வருடம் முழுக்க ஒரு ஆட்டமும் ஆடாது. மற்ற நாடுகள் எல்லாம் ஒன்றையொன்று தட்டிக் கழித்து, மிஞ்சுகிற ஒரு நாடு அதனோடு போய் மோதும். இந்தச் சலுகை 1972இல் தான் ஒழிந்தது. ஆகவே 1966இல் அவுஸ்திரேலியா உட்கார்ந்திருந்தது, இந்தியா டெல்லியில் மேற்கு ஜேர்மனியையும் கல்கத்தாவில் பிரேசிலையும் தாண்டிப் போகவேண்டி வந்தது.

கல்கத்தாவில் நான்கு ஆட்டம் முடிய 2-2. ஐந்தாவது ஆட்டம் ராமநாதன் கிருஷ்ணனுக்கும் தோமஸ் கொக்குக்கும். கிருஷ்ணன் 3-6, 6-4, 10-12 என்று பின்னுக்கு நின்று, நான்காவது செட்டில் 2-5 வரை போய்விட்டார். அங்கேயிருந்து ஒரு கேமும் விடாமல் ஐந்து கேமை எடுத்து 7-5 ஆக்கி, கடைசி செட்டை 6-2 என்று முடித்தார். கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர், 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர். இந்த ஒரு ஆட்டத்திலிருந்தே நான்கு கேள்வி போடலாம்.

மெல்பேர்ணில் 1-4 தோல்வி. அந்த ஒன்று எது என்பது நல்ல கேள்வி: இரட்டையர். கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் ஜோன் நியூகொம்ப், ரொனி ரோச் சோடியை 4-6, 7-5, 6-4, 6-4 என்று வென்றார்கள். முந்தின வருடம் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் எடுத்த சோடி அது.

1974 வேறு கதை. கல்கத்தாவில் அவுஸ்திரேலியாவை 3-2, பூனாவில் சோவியத் யூனியனை அரையிறுதியில் வென்று இந்தியா இறுதிக்கு வந்தது. மற்றப் பக்கத்தால் வந்தது தென்னாபிரிக்கா. நிறவெறி அரசோடு விளையாடுவதில்லை என்று இந்தியா விலகியது. பந்து ஒன்றுகூட அடிபடாமல் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. டேவிஸ் கிண்ண இறுதி இப்படி முடிந்தது அந்த ஒரே தடவைதான்.

விட்டுக்கொடுத்ததன் பெறுமதி விளங்க ஒரு தகவல் சேர்த்துக்கொள்ளுங்கோ. 1900 தொடக்கம் 1973 வரை அந்தக் கிண்ணம் அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, பிரான்ஸ் என்று நான்கு தரப்பின் கையை விட்டு வெளியில் போனதில்லை. அவுஸ்திரேலியா ஆரம்பத்தில் நியூசிலாந்தோடு கூட்டு அணியாக ஆடினது. 1974இல் ஐந்தாவதாக யாரோ ஒருவருடைய பெயர் பொறிக்கப்படத்தான் இருந்தது. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் நல்ல ஆட்டத்தில் இருந்த நேரம் வேறை.


கனகராயன்:

17-15 அச்சுப்பிழை இல்லை. 6-6 வந்தால் டைபிரேக், அதாவது புள்ளிக் கணக்கில் செட்டை முடிக்கிற ஒரு கேம், என்ற விதி டேவிஸ் கிண்ணத்துக்குள் வந்தது 1989இல். அதுக்கு முதல் இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரைக்கும் செட் இழுத்துக்கொண்டே போகும். 1989இலும் கடைசி செட்டுக்கு டைபிரேக் இல்லை, அது 2016இல் தான் வந்தது.

முறிகண்டியான் அண்ணை சொன்ன 1974 கல்கத்தா சந்திப்பை எடுத்துப் பாருங்கோ. புல் தரை, டைபிரேக் இல்லை, ஐந்து ஆட்டமும் ஐந்து செட்டில மூன்றை எடுக்கிற கணக்கு. இந்தியாவின் ஜஸ்ஜித் சிங், அவுஸ்திரேலியாவின் கில்ரினனை 11-9, 9-11, 12-10, 8-6 என்று வென்றது 76 கேம். அவுஸ்திரேலியாவின் அலெக்சாண்டர், விஜயை 14-12, 17-15, 6-8, 6-2 என்று வென்றது 80. இரட்டையரில் அமிர்தராஜ் சகோதரர்கள் அலெக்சாண்டர், டிப்லி சோடியை 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று வென்றது 99. பிறகு அலெக்சாண்டர், ஜஸ்ஜித்தை 8-6, 6-4, 6-3 என்று வென்றது 33. கடைசியில் விஜய், கில்ரினனை 6-1, 5-7, 6-4, 6-4 என்று வென்றது 39. கூட்டினால் 327 கேம். அந்தக் காலத்துச் சாதனை அது. இண்டைக்கு ஒரு ஆட்டத்தில மூன்று செட்டும் 7-6 எண்டு போனாலே 39 கேம்தான், ஐந்து ஆட்டமும் அப்பிடிப் போனாலும் 195. அந்த 327ஐ இனி ஒருத்தரும் தொடமாட்டினம்.

4-0, 3-1 எப்பிடி வருது எண்டதும் விதிதான். ஐந்து ஆட்டத்தில மூன்றை எடுத்தவர் சந்திப்பை எடுத்தாச்சு. மிச்ச ஆட்டம் பெறுபேற்றை மாற்றாது, அதால அதைச் சுருக்குவினம் அல்லது விட்டுவிடுவினம். 2024இல இஸ்லாமாபாத்தில இந்தியா பாகிஸ்தானை 4-0 எண்டு வெண்டது. முதல்நாள் ஒற்றையர் இரண்டு, மறுநாள் இரட்டையர், அதோட 3-0. நாலாவதை ஆடினவை, ஐந்தாவதை விட்டிட்டினம். 2025 செப்டெம்பரில சுவிற்சர்லாந்தின் பீல் நகரில 3-1: முதல்நாள் 2-0, இரட்டையரைச் சுவிஸ் எடுத்தது, நாலாவதில சுமித் நாகல் வெண்டவுடன கதை முடிஞ்சுது.

பழைய முறையையும் புது முறையையும் ஒரே கேள்விக்குள்ள கலக்காதேங்கோ. 2018க்கு முதல் எண்டால் மூன்று நாள்: வெள்ளி இரண்டு ஒற்றையர், சனி இரட்டையர், ஞாயிறு ஆளை மாற்றி இரண்டு ஒற்றையர், எல்லாம் ஐந்து செட். கீழ்மட்டமான வலயப் பிரிவுகளில 2018இலயும் உச்சமான உலகப் பிரிவில 2019இலயும் மூன்று செட்டாக்கிப் போட்டினம். 2019இல இருந்து உச்சப் பிரிவின்ர இறுதிக்கட்டம் இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையரோட நடக்குது. அதில 4-0 எண்ட கணக்கு வரவே வராது.


நெடுங்கேணி தெற்கு:

1987க்கு ஒற்றைச் சொல்லில விடை வேணுமெண்டால்: தரை.

டேவிஸ் கிண்ணத்தில் சந்திப்பை நடத்தும் நாடுதான் இடத்தையும் தரையையும் தெரிவு செய்யும். முந்தின தடவை என் ஊரில் நடந்தால் அடுத்த தடவை உன் ஊரில். இரண்டு நாடும் முன்பின் மோதியிராவிட்டால் சீட்டுக் குலுக்கல். இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு 1987ஐ வாசியுங்கோ.

முதல் சுற்று டெல்லியில், எதிரணி ஆர்ஜென்டீனா. களிமண்ணில் வளர்ந்தவர்களைப் புல்லில் இறக்கினது இந்தியா. மார்ட்டின் ஹைட்டேயிடம் விஜய் முதல் இரண்டு செட்டையும் விட்டுப் பிறகு மூன்றை எடுத்தார். சந்திப்பு 3-2. காலிறுதியும் டெல்லிப் புல்லில், இஸ்ரேலோடு 4-0. அரையிறுதி சிட்னி. அவுஸ்திரேலியா தன் வழக்கப்படி புல் தரையைத் தந்தது. இந்தியாவுக்கு அது வாய்க்குள் சீனி போட்ட மாதிரி. 2-2இல் நிற்க, ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன் வொலி மசூரை நேர் செட்டில் வென்றார்.

இறுதி கோதென்பேர்க்கில். டிசம்பர் மாதம், மூடிய மண்டபம், அதுக்குள் களிமண் தரை. சுவீடன்காரர் முட்டாள்கள் இல்லை. புல்லில் அவுஸ்திரேலியப் பகிரங்கப் பட்டம் எடுத்த எட்பேர்க் இல்லாமல், பிரெஞ்சுப் பகிரங்கத்தை அப்போதே இரண்டு தடவை எடுத்திருந்த மாட்ஸ் விலாண்டரை வைத்து ஆடினார்கள்.

தரை மாறினால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு இப்படி விளக்கலாம். புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், முழங்காலுக்கு மேல் எழும்பாது. ரமேஷின் தட்டையான, மென்மையான அடி எதிராளியைக் குனிய வைத்தே களைக்கப் பண்ணும். விஜய் பந்தைத் தொடக்கிவிட்டு வலைக்கு ஓடி வருவார், எதிராளிக்கு நிதானிக்க நேரம் இல்லை. களிமண்ணில் அதே பந்து நிலத்தைக் கவ்வி, வேகம் குறைந்து, இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் எழும்பி நிற்கும். ரமேஷின் அடி எதிராளிக்கு வசதியான உயரத்துக்கு வரும். வலைக்கு ஓடி வருபவரைக் கடந்து அடிக்க விலாண்டருக்குப் போதிய நேரம் இருக்கும். அப்போது விஜய்க்கு 34 வயது, அணித்தலைவரும் அவர்தான். நீண்ட பந்துப் பரிமாற்றத்துக்கு அந்தக் கால்கள் தாங்காது. யார்ரிட் அவரை வென்றார், விலாண்டர் ரமேஷை வென்றார், இரட்டையரும் போக சந்திப்பு இரண்டாம் நாளே முடிந்தது. 5-0.

இந்திய அணியின் பெரிய வெற்றிகளில் கனக்க புல்லில் வந்ததுதான். கல்கத்தா, டெல்லி இரண்டும் புல்.


மடு வீதி:

நெடுங்கேணி அண்ணை சொன்னதில முக்கால்வாசி சரி. ஆனால் 1993ஐ விட்டுட்டுத் தரையை மட்டும் காரணமாக்கேலாது. கல்கத்தாவில சுவிற்சர்லாந்தை 3-2 எண்டு வெண்டபிறகு காலிறுதி பிரான்ஸின் பிரெஜூஸில, வெளிக்களிமண். இரண்டு வருசத்துக்கு முதல் கிண்ணம் எடுத்த பிரான்ஸ், தனக்குப் பிடிச்ச தரை, சொந்தச் சனம். லியாண்டர் பயஸ் போயெட்ஷையும் லெகொந்தையும் வெண்டார், ஐந்தாவதில ரமேஷ் கில்பேரை வெண்டார், 3-2. அடுத்ததா அரையிறுதி சண்டிகாரில, சொந்தப் புல்லில, அவுஸ்திரேலியாவோட: 0-5. தரைக் கணக்கின்படி ரெண்டும் தலைகீழா வந்திருக்கவேணும்.

அணியில ஆர் நிக்கினம் எண்டதும் கணக்குத்தான். 1995இல டெல்லியில பயஸ், குரோஷியாவின்ர இவானிசெவிச்சிட்ட முதல் ரெண்டு செட்டையும் விட்டுட்டு 6-7, 4-6, 7-6, 6-4, 6-1 எண்டு வெண்டவர். அது புல்தான், ஆனால் புல்லில இவானிசெவிச்சின்ர சேர்விஸ் இன்னும் பயங்கரம். அப்ப புல் ஆருக்குச் சாதகம்?

90க்குப் பிறகு இந்தியாவைத் தூக்கி நிறுத்தினது இரட்டையர். ஐந்தில ஒரு ஆட்டம் கையில இருக்கெண்டால் நாலு ஒற்றையரில ரெண்டு போதும். பயஸும் பூபதியும் சேர்ந்து தொடர்ச்சியா 24 டேவிஸ் கிண்ண ஆட்டம் வெண்டவை. 2010இல சென்னையில பிரேசிலிட்ட முதல்நாள் 0-2. மறுநாள் அவையள் இரட்டையரை எடுக்க, சோம்தேவும் போபண்ணாவும் ஞாயிற்றுக்கிழமை மிச்ச ரெண்டையும் எடுத்தினம். 2018இல சீனாவின் தியன்ஜின்னில திரும்பவும் 0-2இல இருந்து 3-2: பயஸ், போபண்ணா இரட்டையர், பிறகு ராம்குமார் ராமநாதன், பிரஜ்னேஷ் குணேஸ்வரன் எண்டு ரெண்டு சென்னைப் பெடியள். அந்த இரட்டையர் வெற்றி பயஸுக்கு 43ஆவது. இத்தாலியின் பியெத்ராஞ்செலி வைத்திருந்த 42ஐ அதோட தாண்டினவர்.

வீழ்ச்சியையும் ஒரு கேள்வியா வையுங்கோ. 2023 பெப்ரவரியில டென்மார்க்கிட்ட 2-3 எண்டு தோத்து, உச்சப் பிரிவுக்கு ரெண்டு படி கீழான இரண்டாம் உலகப் பிரிவுக்கு இறங்கினது. செப்டெம்பரில லக்னோவில மொரொக்கோவை 4-1 எண்டு வெண்டு அதில இருந்து வெளிய வந்தது. போபண்ணாவின்ர கடைசி டேவிஸ் கிண்ணம் அதுதான்.


வட்டக்கச்சி வாசகன்:

நன்றி அண்ணைமார். அச்சொட்டா இதைத்தான் தேடினனான். இலங்கையைப் பற்றியும் ஒரு கேள்வி வைக்காட்டி பிள்ளையள் பேசுவாங்கள். அதோட மைதான விஷயம் ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு பிள்ளை ஒற்றையரும் இரட்டையரும் ஆடலாமா?


செட்டிகுளம் மைதானம்:

இலங்கைக்கு ஒரு கேள்வி போதும்: முதல் பங்குபற்றியது 1953இல், சிலோன் என்ற பெயரில். ஆசிய ஓசியானியா வலயத்தின் கீழ்ப் பிரிவுகளில் நாடுகள் ஒரு வாரம் ஒரே இடத்தில் கூடி, ஒரு நாளைக்கு ஒரு சந்திப்பாக, இரண்டு ஒற்றையரும் ஒரு இரட்டையரும் ஆடும். இலங்கை பல வருடம் அந்தப் பிரிவுகளில் ஆடியிருக்கிறது. உங்கட பாடசாலைச் சந்திப்புக்கும் அந்த முறைதான் பொருந்தும். ஐந்து ஆட்டம் வைக்க வெளிக்கிட்டால் பொழுது பட்டுவிடும்.

அளவு: நீளம் 78 அடி, இரட்டையர் அகலம் 36, ஒற்றையர் அகலம் 27. வலையிலிருந்து 21 அடியில் சேர்விஸ் கோடு. ஓட இடம் விட்டு மொத்தம் 120க்கு 60 அடி வேணும். நீளப்பக்கம் வடக்குத் தெற்காக இருக்கட்டும், இல்லாவிட்டால் பின்னேரம் ஒரு பக்கத்தானுக்குக் கண் கூசும். மூலை சரியாக 90 பாகை வந்ததா என்று பார்க்க நாடா ஒன்று போதும்: வலைக்கோட்டிலிருந்து பின்கோடு 39 அடி, இரட்டையர் அகலம் 36 அடி, அரைத் தளத்தின் மூலைவிட்டம் 53 அடி 1 அங்குலம். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வராவிட்டால் கயிற்றைக் கழற்றித் திரும்பக் கட்டுங்கோ. சுண்ணாம்பு போட்டபிறகு திருத்தேலாது.

கிரவல்: அரித்த கிரவலை 2 அங்குலம் பரப்ப 1200 கன அடி, அதாவது 12 கியூப். உருளை ஓடினால் அமுங்கும், அதுக்குச் சேர்த்து 15 கியூப் எடுங்கோ. 3 கியூப் ரிப்பரில் ஐந்து லோட். அரிக்காமல் கொட்டினால் கல்லில் பட்டுப் பந்து நினையாத பக்கம் பாயும், பிள்ளையின்ர கணுக்காலும் பிரளும். ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு 60 அடிக்கு 2 அங்குலம் சரிவு விடுங்கோ. நடுவை உயர்த்திக் கூரை மாதிரிச் செய்யவேண்டாம், வலை உயரம் பிழைக்கும். முதல்நாள் பின்னேரம் தண்ணி தெளித்து உருட்டி, காலமை மேற்பரப்பு காய்ந்து உள்ளுக்கு ஈரமாக இருக்கேக்க கோடு போடவேணும். சொட்டச் சொட்ட ஈரத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைஞ்சு பரவும்.

வலை: தூண் இரண்டுக்கும் இடையில் 42 அடி, தூண் உயரம் மூன்றரை அடி, நடுவில் பட்டி போட்டு 3 அடிக்கு இழுங்கோ. இரட்டையர் வலையில் ஒற்றையர் ஆடும்போது ஒற்றையர் கோட்டுக்கு 3 அடி வெளியில் மூன்றரை அடித் தடி ஒவ்வொரு பக்கமும் முட்டுக்கொடுக்கவேணும். இதைப் பலர் விடுவினம். விட்டால் பக்கக் கோட்டுக்கு மேல் வலை தாழ்ந்து கிடக்கும், நேர்க்கோட்டில் அடிக்கிற பிள்ளைக்குச் சும்மா புள்ளி போகும்.

காலம்: கார்த்திகை, மார்கழி மழையில் கிரவல் சேறு. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்றுத் தூக்கினால் உயரத்தில் போட்ட பந்து போகிற திசை தெரியாது. மாசி, பங்குனி நல்லம். காலமை 7க்குத் தொடங்குங்கோ.

ஆட்ட ஒழுங்கு: இரண்டாம் இலக்க ஆட்டக்காரர் இருவரும் முதலில், பிறகு முதலாம் இலக்கம், கடைசியில் இரட்டையர். செட்டை 4 கேமுக்கு வையுங்கோ, 4-4 வந்தால் டைபிரேக், ஒரு செட் ஒரு செட் என்று நின்றால் மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டைபிரேக். ஒரு ஆட்டத்துக்கு மூன்று புதுப் பந்து. கிரவலில் பந்தின் மயிர் கெதியாத் தேயும், தேய்ந்த பந்து வேகமாகப் பாயும், அதால அடுத்த ஆட்டத்துக்கு அதையே குடுக்கவேண்டாம்.

ஒரு பிள்ளை இரண்டும் ஆடலாம், டேவிஸ் கிண்ணத்திலயும் ஆடுகினம். ஆனால் முதலாம் இலக்க ஒற்றையர் முடிந்த உடனேயே இரட்டையர் வரும், அதால அரை மணித்தியால ஓய்வை விதியாகவே எழுதிவையுங்கோ. ஒற்றையர் பெயரை முதல்நாளே இரண்டு பொறுப்பாசிரியரிடமும் எழுத்தில் வாங்குங்கோ. வாங்காவிட்டால் நல்ல பிள்ளையை இரண்டாம் இலக்கமாக ஒளித்துவைத்து ஒரு ஆட்டத்தைச் சுளையாக எடுத்துப்போடுவினம். இரட்டையர் பெயரை மட்டும் ஒற்றையர் முடிந்தபிறகு மாற்ற விடலாம். 1-1இல் நிற்கேக்க ஆரை இறக்குறது என்று பொறுப்பாசிரியர் தலையைச் சொறியட்டும்.